கத்தரிக்கோல் வரைந்த அணை: வண்டலை அள்ளுவதா, அடைப்பதா, ஓடவிடுவதா?

கலிஃபோர்னியாவின் வென்ச்சுரா மாவட்டத்தில் மடிலிஹா ஓடையின் குறுக்கே ஒரு கான்கிரீட் அணை நிற்கிறது. 2011ல் யாரோ அதன் முகப்பில் ராட்சதக் கத்தரிக்கோல் ஒன்றை வரைந்து, கூடவே ஒரு புள்ளிக் கோடும் போட்டுவிட்டுப் போனார்கள். ‘இங்கே வெட்டவும்’ என்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை. படம் பிரபலமாகிவிட்டது, அணை மட்டும் அப்படியே நிற்கிறது. இத்தனைக்கும் அதை எடுக்க வேண்டும் என்பதில் மாவட்ட நிர்வாகம், மீன்வளத் துறை, சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் எல்லோரும் ஒரே கட்சி. திட்டம் போடத் தொடங்கி கால் நூற்றாண்டு ஆகிறது.

ஏன் இவ்வளவு இழுபறி? சுவரை இடிப்பது பெரிய வேலையே இல்லை. சுவருக்குப் பின்னால் சேர்ந்து கிடக்கும் வண்டல்தான் பிரச்சினை. சுமார் 60 லட்சம் கன மீட்டர். களிமண், மணல், சரளை, பாறாங்கல் எல்லாம் கலந்தது. அணையை எடுத்த பிறகு ஓடை எப்படிப்பட்ட ஓடையாக மீளும் என்பது இந்த வண்டலை என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் கடந்த இருபது ஆண்டுகளில் பழைய அணைகளை எடுத்த இடங்களில் மூன்று வழிகளையும் செய்து பார்த்திருக்கிறார்கள்: அள்ளிக்கொண்டு போவது, இருக்கும் இடத்திலேயே அடைத்து வைப்பது, ஆற்றோடு போகவிடுவது. மடிலிஹாவுக்கு எது பொருந்தும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு அந்த மூன்றையும் பார்க்கலாம்.

முதலில் எதற்காக இந்தப் பாடு என்பதைச் சொல்லிவிடுகிறேன். மடிலிஹா ஓடை அணைக்குச் சற்றுக் கீழே தன் வடகிளையோடு சேர்ந்து வென்ச்சுரா ஆறாகி, சுமார் 25 கிலோமீட்டர் ஓடிக் கடலில் கலக்கிறது. இந்த ஆற்றில் ஸ்டீல்ஹெட் என்ற மீன் ஏறி வரும். வேறொன்றுமில்லை, ஊட்டி அவலாஞ்சியில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டார்களே, அதே ரெயின்போ ட்ரவுட் இனம்தான். ஓடையில் பிறந்து, கடலுக்குப் போய்ப் பெருத்து, முட்டையிட மறுபடி ஓடைக்கு வருபவற்றுக்கு ஸ்டீல்ஹெட் என்று பெயர். வென்ச்சுரா ஆற்றில் ஒரு காலத்தில் ஆண்டுக்கு 4,000 முதல் 5,000 வரை வந்ததாக மதிப்பீடு. 1940களின் இறுதியில் அணை வந்ததும் மேல் ஓடைக்கான வழி அடைபட்டது. தெற்கு கலிஃபோர்னிய ஸ்டீல்ஹெட் 1997 முதல் அழியும் நிலையில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது.

இந்த மீனின் முட்டை விஷயம் முக்கியம். பெண் மீன் வாலால் சரளைக் கற்களைத் தள்ளிக் குழி பறித்து, முட்டையிட்டு, கற்களாலேயே மூடிவிடும். கற்களுக்கு நடுவே தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால்தான் முட்டைக்கு ஆக்சிஜன் கிடைக்கும். அணைக்குக் கீழே சரளை வராமல் போனால் குழி பறிக்க இடமில்லை. பெரிய பாறாங்கற்கள் மட்டுமே மிஞ்சும். அதற்காகச் சேற்றைக் கொட்டினால் கற்களின் இடுக்கு அடைபட்டு முட்டை மூச்சுத் திணறிச் சாகும். ஆக, ஓடைக்குச் சரளை வேண்டும். சேறு அதிக நாள் தங்கக் கூடாது. இனி வரும் எல்லா வழிகளையும் இந்த ஒரு அளவுகோலால் அளக்கலாம்.

இன்னொரு பங்காளியும் உண்டு, கடற்கரை. வென்ச்சுராவில் அலைச்சறுக்கு விளையாடுகிறவர்கள் கூடும் கடற்கரையில் மணல் குறைந்து, கரையோர சைக்கிள் பாதையே இடிந்து விழுந்தது. வாகன நிறுத்தத்தைப் பின்னுக்குத் தள்ளிக் கட்ட வேண்டியதாயிற்று. ஆறு கொண்டுவர வேண்டிய மணலின் ஒரு பகுதி அணைக்குப் பின்னால் குந்தியிருக்கிறது.

அணையை விட்டுவைத்து, மீன் படிப்படியாகத் தாவி அணையைத் தாண்டிப் போக மீன் ஏணி மட்டும் கட்டினால் என்ன என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மீன் ஏணி மீனை மட்டுமே ஏற்றும். சரளையையும் மணலையும் இறக்காது. செலவும் குறைவல்ல. வாஷிங்டன் மாநிலத்தின் காண்டிட் அணையில் மீன்வழி கட்டச் சொன்னபோது, அதைவிட அணையை இடிப்பதே மலிவு என்று மின் நிறுவனமே முடிவு செய்தது. மடிலிஹாவில் கான்கிரீட்டே சரியில்லை. கலவையில் போட்ட ஜல்லிக்கும் சிமெண்டுக்கும் ஒத்துக்கொள்ளாமல் வெடிப்பு விட்டு, 1965லும் 1977லும் உச்சியை வெட்டிக் குறைத்திருக்கிறார்கள். அதற்கு ஏணி கட்டுவது வீண் செலவு. இதை இத்தோடு விடுவோம்.

அள்ளிக்கொண்டு போவது

நம்மூர்க்காரர்களுக்கு முதலில் தோன்றுவது இதுதான்: தூர் வாரினால் போச்சு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு டிப்பர் லாரியில் பத்து கன மீட்டர் என்று வைத்தால் 60 லட்சம் கன மீட்டருக்கு 6 லட்சம் லோடு. ஞாயிறு, பண்டிகை பார்க்காமல் நாளைக்கு நூறு லோடு அடித்தாலும் பதினாறு ஆண்டுக்கு மேல் ஆகும். அதுவும் ஒடுக்கமான மலைப்பாதையில். மண்ணைக் கொட்ட இன்னொரு பள்ளத்தாக்கு வேண்டும். அங்கேயும் ஒரு ஓடை இருக்கும். ஓர் ஓடையைக் காப்பாற்ற இன்னோர் ஓடையை மூடுவதில் என்ன லாபம்?

ஆனாலும் இந்த வழியைத் தவிர வேறு வழியே இல்லாத இடங்கள் உண்டு. மொன்டானாவின் மில்டவுன் அணை அப்படி. 1908ல் அணை கட்டி முடித்த அதே ஆண்டு பெருவெள்ளம் வந்து, மேலே இருந்த செம்புச் சுரங்கங்களின் கழிவை எல்லாம் கொண்டுவந்து அணைக்குப் பின்னால் சேர்த்தது. ஆர்சனிக், செம்பு, ஈயம் எல்லாம் அதில் இருந்தன. பல பத்தாண்டுகள் கழித்துப் பக்கத்துக் கிணறுகளில் ஆர்சனிக் தெரிந்தது. அதை ஆற்றில் விடலாம் என்று யாரும் வாய் திறக்க முடியாது. 20 லட்சம் கன மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான வண்டலைத் தோண்டி, ரயில் வேகன்களில் ஏற்றி, பழைய சுரங்கக் கழிவு கொட்டிய இடத்துக்கே திருப்பி அனுப்பினார்கள். 2008ல் அணையை உடைத்தார்கள்.

சோதிக்காமல் உடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹட்சன் ஆற்றின் ஃபோர்ட் எட்வர்ட் அணை உதாரணம். 1973ல் அதை எடுத்தபோது, பின்னால் தங்கியிருந்த பிசிபி நச்சு கலந்த சேறு கீழே இறங்கியது. ஹட்சனில் அந்த நச்சை அள்ளும் வேலை அதன்பின் எத்தனையோ ஆண்டுகள் நடந்தது. அதனால் எந்தப் பழைய தடுப்பாக இருந்தாலும் முதல் செலவு வண்டலில் துளையிட்டு மண் மாதிரி எடுத்துப் பார்க்கும் செலவுதான். மேலே சுரங்கமோ, தோல் தொழிற்சாலையோ, பழைய ஆலையோ இருந்திருந்தால் இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

சின்ன ஓடை, சின்ன அணை, வண்டலும் கொஞ்சம் என்றால் அள்ளுவது நியாயமான வழியே. நாபா பள்ளத்தாக்கில் யார்க் ஓடையின் பழைய மண் அணையை 2020ல் எடுத்தபோது தோண்டித்தான் எடுத்தார்கள். ஒரு கோடையில் முடியும் அளவுக்கு வேலை என்றால் அள்ளிவிடலாம். பதினாறு ஆண்டு வேலை என்றால் கூடாது.

இருக்கும் இடத்திலேயே அடைத்து வைப்பது

இதில் இருப்பதிலேயே கெட்டிக்காரத்தனமான வேலை கலிஃபோர்னியாவிலேயே கார்மல் ஆற்றின் சான் கிளெமென்டே அணையில் நடந்தது. 1921ல் கட்டிய அணை, 32 மீட்டர் உயரம். 1990களின் தொடக்கத்தில், பெரிய நிலநடுக்கம் வந்தால் தாங்காது என்று மாநில அணைப் பாதுகாப்புத் துறை சொல்லிவிட்டது. அதற்குள் ஏரி முக்கால்வாசிக்கு மேல் தூர்ந்துபோயிருந்தது; சுமார் 19 லட்சம் கன மீட்டர் வண்டல். அணைக்குச் சொந்தக்காரரான குடிநீர் நிறுவனத்துக்குச் சுவரைத் தடிமனாக்கினால் 4.9 கோடி டாலரில் வேலை முடிந்துவிடும். ஆற்றை மீட்பதென்றால் மொத்தம் 8.3 கோடி டாலர் அளவுக்கு ஆகும். கடைசியில், சுவருக்குச் செலவாக வேண்டிய தொகையை நிறுவனம் போடுவது, மிச்சத்தை அரசு அமைப்புகள் திரட்டுவது என்று உடன்பாடு ஆனது.

லாரியில் ஏற்றிக்கொண்டு போகப் பாதை இல்லை. ஆற்றோடு விடலாமென்றால் கீழே கார்மல் பள்ளத்தாக்கில் கரையை ஒட்டி வீடுகள். வண்டல் படிந்து ஆற்றுப்படுகை உயர்ந்தால் அடுத்த வெள்ளத்தில் தண்ணீர் வீட்டுக்குள் வரும். அப்போதுதான் நிலத்தின் அமைப்பு கைகொடுத்தது. அணைக்குச் சற்று மேலே கார்மல் ஆற்றோடு சான் கிளெமென்டே ஓடை வந்து சேர்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு மலைமுகடு. வண்டலில் பெரும்பகுதி கார்மல் ஆற்றின் கிளையில் இருந்தது, ஓடையின் கிளையில் குறைவு. முகட்டை வெட்டி, கார்மல் ஆற்றையே அரை மைல் முன்னதாகத் திருப்பி ஓடைக்குள் விட்டார்கள். பழைய ஆற்றுத் தடம் அப்படியே வண்டலின் நிரந்தரக் கிடங்காகிவிட்டது. ஓடையின் கிளையில் இருந்த கொஞ்ச வண்டலையும் தோண்டி அந்தக் கிடங்கிலேயே போட்டு மூடினார்கள். 2015ல் அணை போய்விட்டது. புதிய தடத்தில் பாறைகளை அடுக்கிப் படிப்படியாகக் குட்டைகள் அமைத்தார்கள், மீன் தாவித் தாவி ஏறுவதற்கு.

அடுத்து வந்த 2017 மழைக்காலத்தில் ஆறு அந்தப் படிகளில் பலவற்றைக் கலைத்துத் தன் இஷ்டத்துக்கு மாற்றி அடுக்கிக்கொண்டது. முந்தைய ஆண்டுக் காட்டுத்தீயில் மேல்பகுதி எரிந்திருந்ததால் மண்ணும் கல்லும் நிறையவே வந்தன. பொறியாளர்களுக்கு வருத்தமாக இருந்திருக்கும். ஆனால் மீன் போக வழி இருந்தது. அணைக்குக் கீழே முட்டையிடத் தகுந்த சரளையும் போய்ச் சேர்ந்தது. எனக்கு இதில் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது: ஓடையின் ஒவ்வொரு கல்லையும் நாமே வைக்க வேண்டும் என்று பணத்தைக் கொட்டுவது தேவையில்லை. ஓடைக்கு வேண்டியது அகலமான இடமும், வாட்டமும், உருட்டிக் கொண்டுபோகக் கல்லும்தான்.

அடைத்து வைக்கும் வழிக்கு இரண்டு குறைகள். அடைத்த வண்டல் அடைத்ததுதான், கடற்கரைக்கு அதிலிருந்து ஒரு பிடி மணல்கூடப் போகாது. இன்னொன்று, அந்தக் கிடங்கின் கரையை யாரோ ஒருவர் காலமெல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் இன்னோர் ஓடை, நடுவில் மெல்லிய முகடு என்ற வசதியும் எல்லா இடத்திலும் வாய்க்காது. மடிலிஹாவில் இல்லை.

ஆற்றோடு போகவிடுவது

மூன்று வழிகளில் கேட்டதும் பயமாக இருப்பது இது. நடந்ததைப் பார்த்தால் பயம் பாதியாகக் குறையும். முழுதாகப் போகாது.

2007 அக்டோபரில் ஒரிகனின் சாண்டி ஆற்றில் மார்மட் அணை. கான்கிரீட்டை முதலிலேயே எடுத்துவிட்டு, மழை வரும்வரை தற்காலிக மண்கரை ஒன்றை மட்டும் வைத்திருந்தார்கள். மழை வந்ததும் அதை அறுத்துவிட்டார்கள். அப்போது நடந்ததைக் கவனிக்க வேண்டும். நீர்மட்டம் சட்டென்று இறங்கும்போது வண்டல் மேட்டின் முனையில் ஒரு சின்ன அருவி உண்டாகும். அருவி தன் காலடியைத் தானே அரித்துக்கொண்டு மேல்பக்கமாகப் பின்வாங்கிக்கொண்டே போகும். அது போன வழியெல்லாம் ஆழமான வாய்க்கால். இரண்டு பக்கமும் செங்குத்தான மணல் சுவர்கள் பொத்துப் பொத்தென்று விழும். சில மணி நேரத்தில் அருவி வெகுதூரம் மேலே ஏறிப்போய், கரைந்து காணாமல் போயிற்று. ஓரிரு நாளில் கோஹோ சால்மன் மீன்கள் பழைய அணை இருந்த இடத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. அங்கே வண்டல் பெரும்பாலும் மணலும் சரளையும் என்பது ஒரு நல்வாய்ப்பு.

காண்டிட் அணையில் இன்னும் முரட்டுத்தனமாகச் செய்தார்கள். 38 மீட்டர் அணையின் அடியில் சுரங்கம் குடைந்து, கடைசித் துண்டை 2011 அக்டோபர் 26 அன்று வெடி வைத்துத் திறந்தார்கள். ஒன்றரை மணி நேரத்தில் ஏரி காலி. கருப்பாகக் குழம்புபோல ஓடியது ஆறு. அந்தச் சமயத்தில் கீழே இருந்த மீன்கள் பிழைக்காது என்று தெரிந்தே, முட்டையிட வந்த சினூக் சால்மன்களில் அறுநூற்றுக்கும் மேல் முன்கூட்டியே பிடித்து அணைக்கு மேலே கொண்டுபோய் விட்டிருந்தார்கள். அடுத்த நான்கு மாதத்துக்குள் வண்டலில் பாதிக்கு மேல் போய்விட்டது. இது ஏன் முடிந்தது? இந்த ஆறு போய்ச் சேரும் பெரிய கொலம்பியா ஆறு அணையிலிருந்து வெறும் 5 கிலோமீட்டர். நடுவில் குடியிருப்பு இல்லை, குடிநீர் எடுக்கும் நிலையம் இல்லை. ஏரிக்கரையில் விடுமுறை வீடு வைத்திருந்த சிலருக்குத்தான் கரை சரிந்து சிக்கல் வந்தது. கீழே உள்ளவர்களைப் பற்றியே யோசித்துக்கொண்டு, மேலே ஏரியை நம்பிக் கட்டியவர்களை மறந்துவிடுவது இந்த வேலையில் வழக்கமாக நடப்பது.

அதே வாஷிங்டன் மாநிலத்தின் எல்வா ஆற்றில் பொறுமையாகச் செய்தார்கள். 1913ல் கட்டிய எல்வா அணை, அதற்கு மேலே 1927ல் கட்டிய 64 மீட்டர் உயரமான கிளைன்ஸ் கேன்யன் அணை. இரண்டுக்கும் பின்னால் சுமார் 2 கோடியே 10 லட்சம் கன மீட்டர் வண்டல். இடிக்க 1992லேயே சட்டம் போட்டாயிற்று. வேலை தொடங்கியது 2011 செப்டம்பரில். கடைசித் துண்டு போனது 2014 ஆகஸ்டில். சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, நடுநடுவே நிறுத்தி, மீன் ஏறும் மாதங்களில் கை வைக்காமல் போனார்கள். முதல் சில ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வண்டல் போய்விட்டது. முகத்துவாரத்தில் சுமார் நூறு ஏக்கர் புதுக் கரை உருவானது. பாறாங்கல் மட்டுமே கிடந்த கடலோரத்தில் மணல் வந்தது, சிப்பியும் நண்டும் குடியேறின. தலைமுறைகளாக அந்த ஆற்றை நம்பி வாழ்ந்த லோயர் எல்வா கிளாலம் பழங்குடியினருக்கு, ஏரிக்கடியில் மூழ்கியிருந்த அவர்களுடைய தோற்றக் கதையின் புனிதப் பாறை மறுபடி கண்ணில் பட்டது. 2011ல் நிறுத்திய மீன்பிடிப்பை 2023ல் சிறிய அளவில் திரும்பத் தொடங்கினார்கள்.

எல்வாவிலும் சறுக்கல் உண்டு, அதுதான் மடிலிஹாவுக்கு மிகவும் பயன்படும் பாடம். போர்ட் ஏஞ்சலஸ் நகருக்குத் தண்ணீர் தரும் பகுதியில், கலங்கல் நீரைச் சமாளிக்கவென்றே பல கோடி டாலரில் புதிய சுத்திகரிப்பு நிலையம் கட்டியிருந்தார்கள். 2012 இலையுதிர் காலத்தில் முதல் பெரிய மழைக்கே இலை, சுள்ளி, மணல் எல்லாம் சேர்ந்து வடிகட்டிகளையும் பம்புகளையும் அடைத்தன. அதைச் சரி செய்யும்வரை, கிட்டத்தட்ட ஓராண்டு, அணை இடிக்கும் வேலையே நின்றது. ஆறு கெடவில்லை, குழாய்தான் கெட்டது. வண்டலை ஓடவிடும் எந்தத் திட்டத்திலும் அடிபடுவது மனிதர் கட்டிய தண்ணீர் எடுப்பு, பாலம், கரை இந்த மூன்றும்தான். மீன்கள் ஓரிரு பருவம் கஷ்டப்படும், அப்புறம் சரளை கிடைத்துப் பெருகும்.

காய்ந்த ஏரித் தரையில் என்ன நடுவது

அணையும் தண்ணீரும் போனதும் வெட்டவெளியாகக் கிடக்கும் ஏரித் தரை இன்னொரு தனிக் கேள்வி. தானாக வளரட்டும் என்று விடுவதா, நாமே நடுவதா?

எல்வாவில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். மெல்லிய வண்டல் படிந்த ஓரங்களில் யாரும் நடாமலேயே வில்லோ, காட்டன்வுட் மரங்கள் அடர்த்தியாக முளைத்தன. ஈரம் நிற்கும், காற்றில் விதை வரும், பிறகென்ன. ஆனால் காட்டிலிருந்து தள்ளியிருந்த உயரமான சரளை மேடுகளில் ஒன்றுமே பிடிக்கவில்லை. மழை பெய்த உடனே தண்ணீர் கீழே இறங்கிவிடும், மேலே வெயில், காற்று. அங்கே கைகொடுத்தது லூபின் என்ற ஊதாப்பூச் செடி. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது, வேரில் தழைச்சத்தைச் சேர்க்கும். அதன் விதையைத் தூவிய சரளை மேடுகளில் சில ஆண்டுகளில் பச்சை பிடித்தது. சாய்ந்த மரக்கட்டைகள் கிடந்த இடங்களிலும் நிழலில் நாற்றுகள் தப்பின. எல்க் மான்கள் மேய்வதும் அங்கே குறைவு. ஆக, நடவுப் பணத்தை எல்லா இடத்திலும் சமமாகத் தெளிக்காமல் மேட்டுச் சரளையில் மட்டும் போட்டால் போதும்.

ஒரிகனிலிருந்து கலிஃபோர்னியாவுக்குள் ஓடும் கிளாமத் ஆற்றில் நிலைமை வேறு. அங்கே நான்கு அணைகளை 2023லும் 2024லும் எடுத்தார்கள். சுற்றிலும் வறண்ட மேய்ச்சல் நிலம், முள் களைகள் தயாராக நின்றன. சும்மா விட்டால் களைதான் முதலில் வந்து உட்காரும். அதனால் யுரோக் பழங்குடியினர் உட்படப் பலர் சேர்ந்து, இடிப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே அந்தப் பள்ளத்தாக்கின் நாட்டு விதைகளைக் கையால் சேகரித்து, பண்ணைகளில் பெருக்கி, 1,700 கோடிக்கும் மேல் விதைகளைத் தயாராக வைத்திருந்தார்கள். 2024 ஜனவரியில் தண்ணீர் வடிந்ததும் சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடிப்பதற்குள் விதைத்தார்கள். வெடிப்புக்குள் விழுந்த விதைக்கு ஈரமும் நிழலும் கிடைக்கும். அதே சேற்றில் சில மான்கள் இறங்கிச் சிக்கிச் செத்ததும் நடந்தது, எதிர்ப்பாளர்கள் அதைப் பெரிதாகப் பேசினார்கள். அக்டோபர் மாதத்திலேயே ஒரிகனில் ஸ்பென்சர் ஓடை வரை ஒரு சினூக் சால்மன் ஏறி வந்துவிட்டது, 1912க்குப் பிறகு முதல் முறையாக.

மீன் விஷயத்தில் ஒரு வரி: பண்ணைக் குஞ்சுகளைக் கொண்டுவந்து விடுவதா, தானாக ஏறி வர விடுவதா என்று எல்வாவில் வழக்குவரை போனார்கள். மேல் ஓடையில் ட்ரவுட் ஏற்கெனவே உயிரோடு இருக்கும் மடிலிஹா போன்ற இடத்தில் பண்ணைக் குஞ்சு தேவையில்லை என்பது என் கட்சி. வழி திறந்தால் அவற்றில் சில தாமாகவே கடலுக்கு இறங்கும்.

மடிலிஹாவுக்கு எது

2004ல் போட்ட திட்டம் மூன்றையும் கலந்த ஒன்று. மெல்லிய சேற்றை மட்டும் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகக் கீழே கொண்டுபோய் ஒதுக்கிவைப்பது, மிச்ச மணலையும் சரளையையும் மெல்ல மெல்ல வெள்ளம் கரைக்க விடுவது. காகிதத்தில் நன்றாகத்தான் இருந்தது. சேற்றைக் கொட்ட இடம் கேட்டபோது ‘எங்கள் பக்கம் வேண்டாம்’ என்றார்கள், செலவும் ஏறிக்கொண்டே போனது. பல ஆண்டுகள் அப்படியே கிடந்து, 2016ல் வேறு முடிவுக்கு வந்தார்கள்: அணையின் அடியில் ஏறக்குறைய 3.6 மீட்டர் விட்டமுள்ள இரண்டு சுரங்கங்களைக் குடைந்து, கடைசித் துண்டை மட்டும் விட்டுவைத்து, பெரிய மழை வருகிறது என்று உறுதியானதும் வெடி வைத்துத் திறப்பது. காண்டிட் வழிதான், ஆனால் வெள்ளத்தோடு சேர்த்து. மெல்லிய சேறு வெள்ளத்தோடு வெள்ளமாகக் கடலுக்குப் போய்விடும், கற்களின் இடுக்கில் தங்காது. அணைச் சுவரைப் பிறகு நிதானமாக இடித்துக்கொள்ளலாம்.

முட்டைக்கான அளவுகோலில் வைத்துப் பார்த்தாலும், கடற்கரைக் கணக்கில் பார்த்தாலும் இதுவே சரியான தேர்வு என்று எனக்குப் படுகிறது. லாரிக்கும் குழாய்க்கும் போகவிருந்த பணம் இனி பாலத்துக்கும் கரைக்கும் போகும். அவை அணை போன பிறகும் ஊருக்கு உபயோகம். சாந்தா ஆனா சாலைப் பாலத்தை ஏற்கெனவே அகலமாக மாற்றிக் கட்டிவிட்டார்கள். கசீட்டஸ் ஸ்பிரிங்ஸ் பக்கம் வெள்ளத்தடுப்புக் கரையை உயர்த்த வேண்டும். அணையை ஒட்டிக் கீழே இருக்கும் கமினோ சியலோ பாலம் இன்னொன்று. இவை முடியாமல் சுரங்கத்தைத் திறக்கக் கூடாது.

இன்னொரு முன்வேலை, களை. மடிலிஹா ஓடை நெடுகிலும் அருண்டோ என்ற ராட்சத நாணல் மண்டியிருந்தது. ஆறு மீட்டருக்கு மேல் வளரும், கண்டபடி தண்ணீர் குடிக்கும், காய்ந்தால் தீப்பிடிக்கும். வெள்ளத்தில் உடைந்த ஒரு கணு போதும், கீழே எங்கே ஒதுங்கினாலும் அங்கே புதுப் புதர். இதை அப்படியே வைத்துக்கொண்டு அணையைத் திறந்தால் வண்டலோடு நாணலையும் கடல்வரை நாமே நட்டதாகிவிடும். அதனால் அணைக்கு மேலே இருந்தவற்றை முதலிலேயே வெட்டி ஒழிக்கத் தொடங்கினார்கள். அந்த வேலை சலிப்பானது, ஒவ்வோர் ஆண்டும் திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும், யாரும் படம் எடுக்க மாட்டார்கள். ஆனாலும் இந்தத் திட்டத்திலேயே சரியான வரிசையில் நடந்த வேலை அதுதான்.

எனக்கு ஒத்துக்கொள்ளாத இடம் ஒன்று உண்டு. சுரங்கங்களுக்கு மதகு வைப்பதைத் ‘தேவைப்பட்டால்’ என்ற கணக்கில் வைத்திருக்கிறார்கள். அணைக்குச் சில கிலோமீட்டர் கீழே ரோப்லஸ் என்ற இடத்தில் ஆற்றுத் தண்ணீரைத் திருப்பிக் கசீட்டஸ் ஏரிக்குக் கொண்டுபோகிறார்கள். அந்த வட்டாரத்தின் குடிநீரும் எலுமிச்சைத் தோப்புகளும் அந்த ஏரியை நம்பியிருக்கின்றன. எதிர்பார்த்த மழை பாதியில் ஏமாற்றிவிட்டால் என்ன ஆகும்? தெற்கு கலிஃபோர்னிய மழை அப்படி ஏமாற்றக்கூடியதுதான். பாதிச் சேறு உள்ளேயே தங்கி, மாதக்கணக்கில் சிறு மழைக்கெல்லாம் கலங்கலாகக் கசிந்துகொண்டிருக்கும். அத்தனை நாளும் ரோப்லஸில் தண்ணீர் எடுக்க முடியாது. கீழே முட்டைக் குழிகளின் இடுக்கிலும் சேறு தங்கும். ஒரு சுரங்கத்துக்காவது மதகு இருந்தால் மூடி வைத்து அடுத்த நல்ல வெள்ளத்துக்குக் காத்திருக்கலாம். அந்தச் செலவை மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் போர்ட் ஏஞ்சலஸில் ஓராண்டு வேலை நின்றதால் ஆன செலவை ஒருமுறை எடுத்துப் பார்க்கட்டும்.

அப்புறம் விதை. பாலமும் கரையும் நிதி கிடைப்பதைப் பொறுத்து முன்பின் ஆகலாம். ஆனால் அந்தப் பள்ளத்தாக்கின் ஆல்டர், சிகமோர், வில்லோ, லூபின் இவற்றின் விதையையும் போத்தையும் சேர்த்துப் பெருக்கச் சில ஆண்டுகள் பிடிக்கும், வெடி வைக்கும் தேதி தெரிந்த பிறகு தொடங்கினால் நேரம் போதாது. அதற்கு ஆகும் பணம் ஒரு பாலத்தின் செலவில் சிறு துணுக்கு. இந்த ஆண்டு பட்ஜெட்டிலேயே சேர்த்துவிடலாம்.